பேப்பரைப் பார்க்காமல் சொல்வது

ஜூன் 16, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கடல்பக்கக் காற்று. காயாத துணி மணம் வீடு முழுக்க. அம்மாவின் குடையை எடுத்துப் போனேன். கொழும்பு காலி வீதியில், காற்றில், குடைக்கம்பி ஒன்று போய்விட்டது. இன்னும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அலுவலகம். அலுவலகம் என்று சொல்வது ஒரு பெருமைக்கு. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால், தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் கையேடு தயாராகிறது. ஒரு சொல், பொருள், அதே பொருளில் வரும் மற்றச் சொற்கள், எங்கே எது பொருந்தும், உதாரண வசனம். எழுதுவது நானும் நஸ்ரினும். இருவரும் தற்காலிகம். முதலாளி சபா சேர், முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர். அவருடைய மனைவியை எல்லோரும் ரீச்சர் என்கிறோம். உண்மையான முதலாளி அவர்தான்.

இன்று சேர் தேத்தண்ணி குடித்தபடி சொன்னது:

"ரெண்டு பேரையும் வச்சிருக்க ஏலாது பிள்ளையள். வாற மாசம் ஒராள் நிரந்தரம். மற்றவ வேணுமெண்டால் வெளியில இருந்து சொல் சொல்லா எழுதித் தரட்டும்."

எந்த ஆள் என்பதற்கு ஒரு போட்டி வைத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே சொல். சனிக்கிழமை வழக்கம்போலச் சொல்ல வேண்டும்.

வழக்கம் என்பது இதுதான்: இங்கே எழுதியதோடு ஒரு சொல்லும் அச்சுக்குப் போகாது. எழுதியவர் எழும்பி நின்று, பேப்பரைப் பார்க்காமல், முழுவதையும் சொல்ல வேண்டும். சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தடுமாறினால், "இரும். உமக்கே இன்னும் விளங்கேல்ல." திரும்பவும் முதலில் இருந்து. என்னுடைய சொற்களில் பாதிக்கு மேல் இரண்டாம் தரம்தான் தப்பின. நஸ்ரினுடையவை எல்லாம் முதல் தரமே. எழும்புவாள், துப்பட்டாவைச் சரிசெய்வாள், சொல்வாள், கதிரையில் இருப்பாள். பைப்பைத் திறந்து மூடுவதுபோல.

கொடுத்த சொல்: ஒப்புவி.

ஒப்புவிப்பதையே ஒப்புவிக்கும் பகிடி சேருக்கு விளங்கவில்லை. ரீச்சருக்கு விளங்கியது. சிரிப்பை மறைக்கக் கணக்குப் புத்தகத்துக்குள் குனிந்தார்.

நஸ்ரின் என்று முழுதாக எழுத எரிச்சலாக இருக்கிறது. இனி ந.

இரவு அம்மாவிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த அனெக்ஸை ஆடி முடிவதற்குள் விட வேண்டும். வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து வருகிறாராம். பார்த்த இடம் எல்லாவற்றிலும் வேலைக் கடிதம் கேட்கிறார்கள்.

"தற்காலிகம் எண்டு எழுதின கடிதத்துக்கு ஆர் பிள்ளை அறை தருவினம்?" என்றார் அம்மா. அவ்வளவுதான். மெஷின் ஓடியது.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மத்தியானம் வரை கரண்ட் இல்லை.

ந. வந்த நேரம் முதல் முணுமுணுப்பு. படியில், பைப்படியில், தேத்தண்ணி ஊற்றும்போது. அவள் எழுதுவதற்கு முன்னே வாயால் சொல்லிப் பார்ப்பாள். வாய்க்குச் சரிவந்தால்தான் எழுதுவாள். நான் மறுபக்கம். எழுத்தில் எல்லாம் சரியாக வரும். எழும்பி நின்றால் மண்டைக்குள் ஒருவரும் இல்லை.

என் குறிப்பு:

சொல் – எல்லாவற்றுக்கும் பொது. ஒன்றுக்கும் முழுதாகப் போதாது.

ஓது – குர்ஆன், வேதம், திருமுறை. கேட்க ஆளில்லாவிட்டாலும் ஓதலாம்.

படி – எங்கள் ஆட்கள் தேவாரம் பாடுவதில்லை, படிக்கிறார்கள். கையில் புத்தகம் இல்லாமலே.

செபி – கொட்டாஞ்சேனைப் பக்கம் செபமாலை செபிப்பதும் உண்டு, சொல்வதும் உண்டு. விசாரிக்க.

பாராயணம் செய் – நான் அறிய ஒருவரும் வாயால் சொன்னதில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மனனம் செய், பாடமாக்கு – இவை வாய் திறப்பதற்கு முன் நடப்பவை. பிள்ளைகள் குழப்புவார்கள். தனியாகக் காட்ட வேண்டும்.

எடுத்துவிடு – நக்கல். "நல்லா எடுத்துவிடுறான்."

ஒப்புவி – எதிரில் ஒராள் வேண்டும். கேட்டுச் சரிபிழை பார்க்க. அந்த ஆளுக்கு அதிகாரமும் வேண்டும்.

கடைசி வரி நல்ல வரி. இது எனக்கு வரும். சொற்களுக்கிடையில் மயிரிழை பிடிக்க எனக்கு வரும். ஆனால் இந்த நாட்டில் மயிரிழைக்கு வேலை இல்லை. முதலாம் வகுப்பில் ஒப்புவி, புலமைப்பரிசிலுக்கு ஒப்புவி, ஓ லெவலுக்கு ஒப்புவி, ரியூஷனில் சேர் சொன்னதைச் சேரிடமே ஒப்புவி. ஒப்புவித்தவன் டொக்டர். தடுமாறியவன் கடையில் பில் போடுகிறான். அவன் முட்டாள் என்று அவனுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இப்போது அதற்குக் கையேடும் போடுகிறோம்.

ந. கேட்டாள்: "ஒனக்கு எத்தன சொல் கெடச்சிச்சு?"

எட்டு என்றேன்.

"எனக்கு அஞ்சுதான். பரவால்ல, உதாரணம் நல்லதாப் போடுவோம்."

அந்தப் "பரவால்ல" நாள் முழுக்கக் காதுக்குள்.

ஜூன் 18, புதன்

வெயில். புழுக்கம்.

புறூப் கொடுக்கப் புதுக்கடை அச்சகத்துக்கு இருவரையும் அனுப்பினார்கள். வேலை முடியப் பகல். ந. சாப்பிடாமல் போக விடவில்லை. அவளுடைய வாப்பாவின் சாப்பாட்டுக் கடை நீதிமன்றத்துக்கு அருகில். எட்டு மேசை. கறுப்புக் கோட்டுகள், கிளாக்குகள், வழக்குக்கு வந்து முகம் செத்த சனம்.

வாப்பா கறிகளைச் சொன்னார். ஆடு, கோழி, பாரை மீன், பருப்பு, பொலஸ், கத்தரிக்காய் மோஜு. மூச்சு விடவில்லை. இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

"மகள் வெக்கப்படாமச் சாப்பிடுங்க. நஸ்ரின் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. நல்லா எழுதுவீங்களாம்."

என்னைப் பற்றி வீட்டில் நல்லதாகச் சொல்லியிருக்கிறாள். இதுவும் எரிந்தது. நான் வீட்டில் அவளைப் பற்றி என்ன சொன்னேன் என்று யோசித்தேன். எழுத முடியாது.

பக்கத்து மேசையில் ஒரு வயதான கிளாக், ஒரு இளம் லோயர்.

"சாட்சி ஒரு இடத்திலயும் தடக்குப்படேல்ல, பாத்தீங்களா அண்ணை?" இது லோயர்.

"அதுதான் பயமாக் கிடக்கு தம்பி. கண்டவன் எண்டால் தடுமாறுவான். இவன் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவிக்கிறான். அப்ப மழையோ எண்டு நீதவான் கேட்டதுக்கும் முதல்ல இருந்து துவங்கினவன்."

இருவரும் சிரித்தார்கள். நான் பையில் பேனையைத் தேடினேன். கை முழுக்கச் சோறு. நிமிர்ந்தால், ந. ஏற்கனவே சொல்லிப் பார்க்கிறாள், உதடு மட்டும் அசைகிறது.

கேட்டது நான்கு காதும். பிடித்தது இரண்டு.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலிருந்து அதையே மெருகேற்றினாள். "கண்ட சாட்சி சொல்வான். பாடமாக்கிய சாட்சி ஒப்புவிப்பான்." கொள்ளுப்பிட்டியில் ஒரு தரம். பம்பலப்பிட்டியில் ஒரு தரம், "கண்ட சாட்சி தடுமாறிச் சொல்வான்" என்று மாற்றி. சரியாக இருந்தது. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். எட்டுச் சொல்லுக்கும் வித்தியாசம். இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. அது எனக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் மட்டும்: "கருத்து விளங்காமலும் ஒப்புவிக்கலாம். சிறுவயதிலிருந்து அரபு ஓதி வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை."

எழுதும்போது கை நிற்கவில்லை. பிறகு வெட்டலாம் என்று வைத்தேன். பதினொரு மணிபோல ந. பேப்பரைக் கேட்டு வந்தாள். எல்லாவற்றையும் டைப் பண்ணுவது அவள், அவளுக்குத்தான் வேகம். அந்த நேரம் ரீச்சர் உள்ளேயிருந்து, "நஸ்ரின், உம்மா செய்த தொதல் நல்லாயிருந்தது எண்டு சொல்லும்" என்றார். எனக்கு அந்த இனிப்பு வந்த கதையே தெரியாது.

வெட்டாமல் கொடுத்தேன்.

டைப் பண்ணினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வரி வந்தபோது விரல் வேகம் குறையவில்லை. முடித்து, "ரெண்டு எடத்துல ஒற்று விட்டிருந்திச்சு, போட்டேன்" என்றாள். பேப்பர் சேரின் மேசைக்குப் போனது. சேர் பார்த்துவிட்டு "நல்லம்" என்றார். அவர் கண்ணால் வாசிப்பவர் அல்ல.

வாயுக் குளிசை வாங்க. அம்மாவுக்கு 14 நம்பர் ஊசி.

ஜூன் 20, வெள்ளி

மழை. ந. பகலோடு போய்விட்டாள், வெள்ளிக்கிழமை. அறை அமைதி. அமைதியில் அவளுடைய முணுமுணுப்பு, சாட்சியும் கடைக்காரர் சொல்லும் கறிகளும், இன்னும் கூடுதலாகக் கேட்கிறது.

இரவு அம்மாவின் கையில் பேப்பரைக் கொடுத்து ஒப்புவித்தேன். சுவரைப் பார்த்தபடி. முதல் பத்தி வந்தது. "ஓது" வந்தது. பிறகு ஒரு இருட்டு. பிறகு ஏதோ வந்தது. சொன்னேன்.

"என்ன பிள்ளை சாட்சி எண்டுறாய்? இதில அப்பிடி ஒண்டுமில்லையே."

"நீங்கள் சரியாப் பாருங்கோ அம்மா."

"கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பாக்கிறன்."

பிடுங்கிப் பார்த்தேன். இல்லைத்தான்.

மூன்று தரம் முயன்றேன். அம்மாவுக்குக் கண் சொக்கியது. "தெரிஞ்சதைச் சொல்லன் பிள்ளை, விழுந்தா விழுந்ததுதானே" என்று படுத்துவிட்டார். அந்தக் கெட்ட வரிக்கு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வாசிக்கவில்லையோ, வாசித்தும் பேசாமல் விட்டாரோ.

ஜூன் 21, சனி

எழுத வேண்டும். இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

சேர், ரீச்சர், ந., நான். கதவைச் சாத்தினார்கள். கீழே தையல் கடையில் சிங்களப் பாட்டு. முதலில் நான்.

எழும்பினேன். "ஒப்புவி என்பது" என்று தொடங்கினேன். இரண்டு வசனம் நன்றாகப் போனது. சேர் கண்ணை மூடியிருந்தார். பிறகு இருட்டு. பிறகு வாய் தானாகப் பேசியது. எவ்வளவு சுகம். ஒரு தடங்கலும் இல்லை. வாழ்க்கையில் முதல் தரம் பைப் திறந்ததுபோல. சொல்வதற்கும் ஒப்புவிப்பதற்கும் வித்தியாசம், நீதிமன்றம், கண்ட சாட்சி தடுமாறிச் சொல்வான், பாடமாக்கிய சாட்சி ஒப்புவிப்பான். சாப்பாட்டுக் கடைக்காரர் கறிகளை ஒப்புவிப்பதில்லை, சொல்கிறார், ஏனென்றால் அவரை ஒருவரும் சரிபிழை பார்ப்பதில்லை.

சேர் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் எனக்கும் கேட்டது.

இருந்தேன். சேர் இரண்டு பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துஷ்யந்தி, இது உம்மடை பேப்பரில இல்லையே."

இல்லை சேர் என்றேன். வேறு என்ன சொல்வது? திருடவில்லை. வாய்க்குள் இருந்தது. புதன்கிழமையிலிருந்து கேட்டுக் கேட்டுப் புழுங்கினேன், அது என்னுடையதைவிட நன்றாக எனக்குள் பாடமாகிவிட்டது.

"நஸ்ரின், நீர் சொல்லும்."

எழும்பினாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சேர், என்ட உதாரணமெல்லாம் அவ சென்னாச்சு. நான் அவ எழுதினதச் செல்றேன்."

சொன்னாள். என் இரண்டு பக்கத்தையும். சொல், ஓது, படி, செபி, பாராயணம். மனனம் வேறு, ஒப்புவித்தல் வேறு. "ஒப்புவிக்க எதிரில் ஒருவர் வேண்டும், அவருக்கு அதிகாரமும் வேண்டும்." வியாழக்கிழமை ஒரு தரம் டைப் பண்ணினாள், அவ்வளவுதான். ஒரு சொல் விடவில்லை. மோசம் என்னவென்றால், நன்றாக இருந்தது. நான் எழுதியது நல்லது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது இப்படிக் கேட்கும் என்று தெரியாது. என் வசனம் அவள் வாயில் நின்றது. என் வாயில் ஒரு நாளும் நிற்காது. அந்த நேரத்திலும் எரிந்தது.

பிறகு அந்த வரி வருகிறது என்று எனக்குத் தெரியும். விடு, விடு, விடு என்று உள்ளே சொன்னேன்.

"கருத்து விளங்காமலும் ஒப்புவிக்கலாம். சிறுவயதிலிருந்து அரபு ஓதி வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை."

அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த வசனத்துக்குப் போய், முடித்து, இருந்தாள்.

"என்ன வசனம் அது?" சேர் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனார். "இதில கிடக்கா?"

"வியாழக்கிழமை நல்லம் எண்டனீங்கள்" என்றார் ரீச்சர். பிறகு என்னிடம், "பிள்ளை, ஆரைப் பற்றி?"

"உதாரணம் ரீச்சர்."

ரீச்சர் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். ஒரு கோடு. திரும்ப ஒரு கோடு.

ஜூன் 23, திங்கள்

ந. நிரந்தரம். சேர் சொல்ல முதலே தெரியும், ரீச்சர் அவளுடைய மேசையை ஜன்னல் பக்கம் இழுப்பித்திருந்தார். நான் வெளியிலிருந்து எழுதலாம். "ஒப்புவி" என்னுடைய பதிவாகத்தான் போகிறது, அவளுடைய இரண்டு உதாரணத்தோடு.

படியில் பிடித்தேன்.

"ஏன் என்ரையைச் சொன்னாய்?"

"வேற என்னத்தச் செல்ல? என்டத நீ எடுத்திட்ட. மிச்சம் ஈந்தது ஒன்டதுதான்."

"அந்த வரியை விட்டிருக்கலாமே."

"உட்டா அது ஒப்புவிக்கிறதில்லயே."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"துஷி, எனக்கு அரபு அர்த்தம் தெரியாதுதான். சூரா அம்பது அறுபது பாடம், அர்த்தம் கொஞ்சம்தான். ஒனக்குத் தேவாரம் எத்தன பாடம்?"

"கொஞ்சம்."

"அர்த்தம்?"

பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"நீ எழுதினது பொய்யில்ல. ஆனா உண்மைய எழுதணும் எண்டு நீ எழுதல்ல." மேலே போய்விட்டாள். இரண்டு படி ஏறித் திரும்பினாள். "வாப்பாக்கு நான் செல்லல்ல. செல்லவும் மாட்டேன். கடைக்கு வாறதெண்டா வா."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவள் அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவளிடம் எல்லாம் இருக்கிறது: வேலை, ஜன்னல், கறி சொல்லும் வாப்பா, இப்போது நியாயமும்.

அம்மாவிடம் வேலை இல்லை என்று சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷின் நின்றது.

"வெள்ளிக்கிழமையே கண்டனான்" என்றார். "நீயா வெட்டுவாய் எண்டு இருந்தன்."

வத்தளைப் பக்கம் ஒரு அறை இருக்கிறதாம், கடிதம் கேட்காத ஆட்கள். பஸ் இரண்டு மாற வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

மழை. பஸ்ஸில் ஒழுகியது. சப்பாத்து முழுக்கத் தண்ணீர்.

வெளியிலிருந்து எழுதும் ஆளாக முதல் நாள். கொண்டு போன சொல்: நனை. சேருக்குக் காய்ச்சல், வரவில்லை. இனிமேல் தற்காலிக ஆட்களின் பதிவைக் கேட்பது ந.வின் வேலையாம். ரீச்சர் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ந. ஒரு கதிரையை எனக்குப் பக்கம் தள்ளினாள்.

"இருந்துட்டே செல்லு. பேப்பரப் பாத்தாலும் பரவால்ல. சேர் இல்லத்தானே."

திரும்பவும் "பரவால்ல." முகம் சூடாகிவிட்டது. இருக்கவில்லை. பேப்பரை அவளுடைய மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவளுக்கு நேரே நின்றேன்.

முதல் பொருள் வந்தது. இரண்டாவது வந்தது. ஊறு, தோய், ஈரமாகு, வித்தியாசம் எல்லாம் வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டேன். அவளுக்கு அது பாடமாக இருந்திருக்கும், காலையில் டைப் பண்ணியது அவள்தான். எடுத்துக் கொடுக்கவில்லை. "இரும்" என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள். கீழே தையல் கடைக்காரி யாரையோ சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தாள். சப்பாத்துக்குள் விரல்கள் விறைத்தன.

பிறகு ஏதோ சொன்னேன். எழுதிய வசனம் இல்லை. மழையில் நனைந்தவன் துடைத்துக்கொள்கிறான், ஊறிப்போனவனுக்குத் துடைக்க இடம் இல்லை என்று, பாதியில் நின்று, திரும்பச் சொல்லி, ஒரு சொல்லை மாற்றி.

"இப்ப சென்னதப் போடு" என்றாள். "பேப்பர்ல ஈக்கிறத வெட்டிரு."

அது நல்ல வசனம் என்பது எனக்கு முதலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.